விஷ உருண்டையால் ஊர் சுத்தமாகுமா?

தெரு நாய்த் தொல்லை, குரங்குத் தொல்லை, எலித் தொல்லை என்ற முறையீடுகள் நகரங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்தத் தொல்லைக்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் "தீர்வு"தான் கவலை தருவதாக இருக்கிறது. இரவோடு இரவாக இறைச்சித் துண்டிலோ பழத்திலோ விஷத்தைக் கலந்து வைத்துவிடுவது. விடிந்ததும் செத்துக் கிடப்பவற்றைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே எறிந்துவிடுவது. யார் செய்தது என்று கேட்டால் எவரும் வாய் திறவாதிருப்பது. இப்படிப்பட்ட செய்திகள் கடந்த சில ஆண்டுகளில் கர்நாடகத்தின் பல பகுதிகளிலிருந்து வந்துவிட்டன.

2025 ஆகஸ்டு மாதம் டெல்லித் தெரு நாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்த பிறகு, நாடு முழுவதிலும் இந்தப் பிரச்சினை சூடு பிடித்தது. நாய்களை விடுவதா, அடைப்பதா என்று இரு தரப்பினரும் வாதாடினர். இரண்டு தரப்பும் பேசாத மூன்றாவது வழி ஒன்று சந்தடியில்லாமல் நடக்கிறது. அதுதான் விஷம். இது சட்டத்துக்கு விரோதமானது என்பது ஒருபுறமிருக்க, எந்தப் பயனைக் கருதி வைக்கப்படுகிறதோ அந்தப் பயனையும் அது தருவதில்லை என்பதே உண்மை.

அச்சம் பொய்யல்ல

விஷம் வைப்பவர்களை வெறும் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமாகாது. மக்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வெறிநாய்க்கடி நோயால், அதாவது ரேபிசால், ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறக்கக்கூடும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. நோய்க் குறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. கடிபடுபவர்களிலும் இறப்பவர்களிலும் குழந்தைகளின் பங்கு பெரிது.

பெங்களூர் மக்கள் 2007-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு சிறு குழந்தைகள் தெரு நாய்களால் குதறப்பட்டு இறந்தனர். நகரமே கொதித்தெழுந்தது. நாய்களைப் பிடிக்கும் வேட்டை நடந்தது. பெருமளவில் அவை கொல்லப்பட்டன. பிறகு வழக்கு, தடை, ஓய்வு. சில ஆண்டுகளில் தெருக்களில் நாய்கள் மீண்டும் நிறைந்துவிட்டன.

நாய்க்கடியின் பாரம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காரில் போகிறவரை நாய் துரத்துவது வேடிக்கை. அதிகாலை நாலு மணிக்குத் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளி, பால் பாக்கெட் போடுகிறவர், பத்திரிகை போடும் பையன், மார்க்கெட்டுக்குப் பூக்கூடை சுமந்து போகும் பெண் ஆகியோரை நாய் துரத்துவது பிழைப்புக்கே வரும் ஆபத்து. பெங்களூரில் இத்தகைய வேலைகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. ஆகவே நாய்த் தொல்லையை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. விஷம் அதை ஒழிக்குமா என்பதுதான் கேள்வி.

கர்நாடகத்தில் நடந்தவை

2021 ஜூலை மாத இறுதியில் ஹாசன் மாவட்டம் பேலூர் வட்டத்தில் சாலையோரம் கிடந்த சாக்கு மூட்டைகளை இளைஞர்கள் பிரித்துப் பார்த்தபோது உள்ளே குரங்குகள் இருந்தன. 38 குரங்குகள் இறந்துபோயிருந்தன. விஷம் கொடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் யாரும் மனுப் போடுவதற்கு முன்பே, தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. செப்டம்பரில் சிவமொக்கா மாவட்டம் பத்ராவதி வட்டத்திலுள்ள ஒரு கிராம பஞ்சாயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தெரு நாய்கள் கொன்று புதைக்கப்பட்டதாகப் போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. குழியைத் தோண்டி உடல்கள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன.

2025 ஜூன் 26-ந் தேதி வந்த செய்தி இவற்றையெல்லாம் விடப் பெரியது. சேலம், ஈரோடு, தர்மபுரி மாவட்டத்துத் தமிழர்கள் ஆண்டுதோறும் பாத யாத்திரை போகும் மாதேஸ்வரன் மலையில், ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. புலி அடித்துப் போட்ட மாட்டின் உடலில் யாரோ விஷத்தைத் தூவியிருந்தனர். மாட்டை இழந்த ஆத்திரம் ஐந்து புலிகளைக் கொன்றது. கைதானவர்கள் அதே வட்டாரத்து ஏழைகள்.

குரங்கு, நாய், புலி என்று விலங்கு மாறுகிறது; ஊர் மாறுகிறது. கதை ஒன்றுதான். முதலில் நஷ்டமோ பயமோ வருகிறது. பிறகு அதிகாரிகளிடம் மனு. மனுவுக்குப் பதில் இல்லை. கடைசியில் பூச்சி மருந்துக் கடை. நிர்வாகம் செய்யத் தவறியதை விஷம் செய்துவிடும் என்ற நம்பிக்கையே இதற்கெல்லாம் அடிப்படை.

விஷம் எங்கே போகிறது?

துப்பாக்கியைச் சுடுகிறவனுக்காவது குறி உண்டு. விஷத்துக்கு அது கிடையாது. நாய்க்கென்று வைத்த இறைச்சியை நாய்தான் தின்ன வேண்டும் என்ற கட்டாயமில்லை. வீட்டுப் பூனை தின்னலாம்; காக்கை கொத்தலாம்; கீரி இழுத்துப் போகலாம். தெருவில் விளையாடும் குழந்தை கையில் எடுக்கலாம்.

அத்துடனும் அது நிற்பதில்லை. விஷம் தின்று செத்த உடலே அடுத்த விலங்குக்கு விஷ உணவாகிறது. 2022 மார்ச் மாதம் அஸ்ஸாமில், கவுகாத்திக்கு அருகேயுள்ள சாய்காவ் பகுதியில் இதைக் கண்கூடாகக் காண முடிந்தது. நாய்களைக் கொல்வதற்காக விஷம் கலந்து போடப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஓர் ஆட்டின் உடலைத் தின்று, ஏறத்தாழ நூறு பிணந்தின்னிக் கழுகுகள் மாண்டன. ஒரே நாளில், ஒரே ஆட்டினால்.

இதில் உள்ள விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். 1990-களுக்கு முன் இந்தியாவில் செத்த மாடுகளின் உடலைத் தின்று தீர்த்தவை பிணந்தின்னிக் கழுகுகளே. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்து அந்த மாடுகளின் உடலில் தங்கி, தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. சில கழுகு இனங்கள் நூற்றுக்கு 95-க்கும் மேல் அழிந்தன. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. அதற்குள் கழுகு தின்னாமல் விட்ட இறைச்சி நாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1992 முதல் 2006 வரை இதனால் நாய்களின் எண்ணிக்கை சுமார் 55 லட்சம் கூடியிருக்கும் என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கழுகு குறைந்ததால் நாய் பெருகியது. அந்த நாயைக் கொல்ல வைத்த விஷம் மிஞ்சியிருந்த கழுகையும் கொன்றது.

எலி மருந்தின் கதையும் இதுவே. ப்ரோமடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்துவிட்டுத்தான் சாகும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கும் கூகைக்கும் பூனைக்கும் எளிது. எலியோடு விஷமும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டு முழுவதும் பிடிக்கும் எலிகளை எந்தக் கடை மருந்தும் பிடிக்காது. அந்தக் கூகையைக் கொன்றுவிட்டு எலி கூடிவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

மனிதருக்கு வரும் ஆபத்தும் சிறிதல்ல. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், அடுக்குமாடி வீடு ஒன்றில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தனர், பெற்றோர் கவலைக்கிடமாயினர். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையால் ஏற்பட்ட சாவுகளைக் கண்டே தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. இரத்தத்தை உறையவிடாத எலி மருந்துக்காவது வைட்டமின் 'கே' என்ற மாற்று உண்டு. பாஸ்பரஸ் பசைக்கும் அலுமினியம் பாஸ்பைடுக்கும் முறிவு மருந்தே கிடையாது. செத்த நாயை வெறுங்கையால் தூக்கி வண்டியில் போடுகிற துப்புரவுத் தொழிலாளிக்கு அது எதைத் தின்று செத்தது என்று யாரும் சொல்வதில்லை.

கொன்றால் குறையுமா?

"கொடுமைதான், ஆனாலும் நாய் குறைந்தால் போதும்" என்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சென்னையின் அனுபவமே பதில் சொல்லும். சென்னை மாநகராட்சி 1860-ஆம் ஆண்டிலிருந்து தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது என்றும், 1990-களின் மத்தியில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்றும் புளூ கிராஸ் அமைப்பு கூறுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. 1996-இல் மாநகராட்சி அந்த வழியைக் கைவிட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது.

உலக சுகாதார நிறுவனத்தின் ரேபிஸ் நிபுணர் குழு 1992-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது. நாய்களைக் கொல்வதால் அவற்றின் அடர்த்தியோ ரேபிஸ் பரவுவதோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்று எங்குமே இல்லை என்பது அக்குழுவின் முடிவு. காரணம் எளிமையானது. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழ்கின்றன என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கும் சாப்பாடு. நாய்கள் செத்துச் சாப்பாடு மிஞ்சினால், பக்கத்துத் தெரு நாய் வந்து சேரும். இருக்கிற நாயின் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். பெட்டை நாயின் கர்ப்பம் இரண்டே மாதம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். விஷம் வைப்பவன் எத்தனை நாள் கண் விழித்தாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. விஷத் துண்டை முதலில் தின்பது மனிதரோடு பழகி, கொடுத்ததை வாங்கித் தின்னும் நாய். அந்தச் சாதுவான நாய்தான் பெரும்பாலும் கருத்தடை செய்யப்பட்டு, ஊசி போடப்பட்டிருக்கும். அது செத்த இடத்துக்கு வருவது ஊசி போடாத, பழகாத, பயந்து கடிக்கும் புது நாய். அதாவது விஷம் வைத்த தெருவில் ஆபத்து கூடத்தான் செய்கிறது.

இந்தோனேசியாவின் பாலித் தீவு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2008 வரை அங்கே ரேபிஸ் இல்லை. அவ்வாண்டு இறுதியில் நோய் புகுந்ததும் அரசு ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் தடவிய ஊசிகளை ஊதி நாய்களைக் கொல்ல முற்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. நோய் நிற்கவில்லை, 2010-க்குள் தீவு முழுதும் பரவியது. ஊசி போட்ட நாய்களும் சேர்ந்தே செத்தன. மக்கள் தங்கள் நாய்களை ஒளித்துவைத்து வேறு ஊர்களுக்குக் கடத்தினர். 2010 செப்டம்பர் முதல் தீவு முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகே சாவுகள் சரிந்தன. பின்னால் ஊசித் திட்டம் தளர்ந்தபோது நோய் மறுபடி தலைதூக்கியது. ரேபிசை நிறுத்தியது ஊசி, விஷம் அல்ல.

எலி இன்னும் தந்திரசாலி. புதிய தீனியைக் கண்டால் அது சிறிது கொறித்துப் பார்க்கும். வயிற்றில் வேதனை தெரிந்தால் அந்தத் தீனியை அப்புறம் தொடாது. துத்தநாக பாஸ்பைடு வைத்தவர்களுக்கு இது தெரியும். முதல் நாள் நாலு எலி சாகும். மறுநாள் மருந்து அப்படியே இருக்கும்.

குப்பையே மூலம்

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற் போல என்பது பழமொழி. இன்று பல நகரங்களில் நடப்பது அதைவிட விசித்திரம். எலிக்கு வாசலில் விருந்து வைத்துவிட்டு வீட்டைக் கொளுத்துகிறார்கள். இறைச்சிக் கடைக் கழிவும், ஓட்டல் எச்சிலும், கல்யாண மண்டபத்து இலையும் தெருமுனையில் குவிந்து கிடக்கும்வரை நாயும் எலியும் காக்கையும் வந்துகொண்டேதான் இருக்கும். பெங்களூரில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 டன் குப்பை சேர்கிறது. வீட்டுக்கு வீடு தரம் பிரித்து வாங்கும் முறை இருந்தும், தெருமுனைக் குவியல்கள் ஒழிந்தபாடில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் குவியல்களைச் சுற்றி நிற்கும் நாய்க் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாய் ஏன் பெருகுகிறது என்று விளக்கத் தேவையில்லை.

சூரத் நகரின் வரலாறு இங்கே நினைவுகூரத் தக்கது. 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் நோய் தோன்றி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லட்சக்கணக்கானோர் ரெயிலிலும் பஸ்சிலும் ஊரை விட்டு ஓடினர். அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், குப்பை அள்ளுவதை நாள்தோறும் நேரில் கண்காணிக்கும் வேலையாக மாற்றினார். அதிகாரிகள் காலையில் அலுவலகத்தில் உட்காராமல் தெருவில் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் பாரபட்சமின்றி அபராதம் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில் நாட்டின் மிகச் சுத்தமான நகரங்களில் ஒன்று என்ற பெயரைச் சூரத் பெற்றது. எலிக்குப் பேர்போன ஊர் அதைச் சாதித்தது துடைப்பத்தாலும் குப்பை வண்டியாலும்.

குரங்குக்கும் இது பொருந்தும். கோவில்களிலும் சுற்றுலா இடங்களிலும் கையால் தீனி கொடுத்துப் பழக்கிய குரங்கு, கொடுக்காதபோது பிடுங்குகிறது. மூடியில்லாத குப்பைத் தொட்டி அதற்குச் சத்திரம். தீனி கொடுப்பதை நிறுத்துவதும், திறக்க முடியாத தொட்டி வைப்பதும், காட்டோரத்தில் பழ மரங்களைக் காப்பதும் பலன் தரும் வழிகள். ஹிமாசலப் பிரதேசம் 2006-07 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்திருக்கிறது. மெதுவான வழிதான், ஆனால் மூட்டையில் கட்டி எறியத் தேவையில்லாத வழி.

செய்து காட்டிய ஊர்கள்

நாய் விஷயத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்திய ஊர்களே சாட்சி. ஜெய்ப்பூரில் 1994-இல் தொடங்கிய கருத்தடை, தடுப்பூசித் திட்டத்தின் எட்டாண்டுப் பலனை ஆராய்ந்தபோது, திட்டம் நடந்த பகுதியில் நாய்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 28 குறைந்திருந்தது; மனிதருக்கு வெறிநாய்க்கடி நோய் வருவது அப்பகுதியில் நின்றுபோயிருந்தது. கோவா அரசு மாநிலம் முழுவதும் நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டு, 2021-இல் தன்னை ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவித்தது. நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பெங்களூரின் கணக்கும் நம்பிக்கை தருவதே. மாநகராட்சி 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 3.10 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. 2023 கணக்கெடுப்பில் அது 2.79 லட்சமாகக் குறைந்தது. கருத்தடை செய்யப்பட்ட நாய்கள் அதே காலத்தில் நூற்றுக்கு 51-லிருந்து 72 ஆக உயர்ந்தன. கொல்லாமலேயே நாய் குறைந்திருக்கிறது. ஆனால் இந்தச் சராசரி நகரின் எல்லா வார்டுகளுக்கும் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்த புறநகர்களிலும், குப்பை அள்ளாத பகுதிகளிலும் வேலை பின்தங்கியே இருக்கிறது. 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. பிரித்ததன் பயன் இந்த வேலையில் தெரிய வேண்டும். ஓர் எல்லையில் ஊசி போட்டு மறு எல்லையில் போடாவிட்டால், நாய்க்கு மாநகராட்சி எல்லை தெரியாது.

சட்டம் சொல்வது என்ன?

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, தெரு நாய்கள் உட்பட எந்த விலங்கையும் இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி ஏற்றியோ தேவையற்ற கொடுமையான வேறு முறையிலோ கொல்வது குற்றம் என்கிறது. ஒரு விஷத்தின் பெயரைச் சொல்லியே சட்டம் தடுக்கிறது என்றால், அந்தக் கொடுமை எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். ஒரு டப்பா எலி மருந்து வாங்கவும் இந்தத் தொகை போதாது.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 325-வது பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காட்டு விலங்குக்கு விஷம் வைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கருதுகிறது. 2023-இல் வெளியான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெரு நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. வெறி பிடித்த நாயைத் தனியே அடைப்பதற்கும், பிழைக்க வழியில்லாத நாயை டாக்டரைக் கொண்டு வலியின்றி முடிப்பதற்கும் அவற்றில் இடமுண்டு.

டெல்லி நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டு 11-ந் தேதி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 22-ந் தேதி அதைத் திருத்தியது. வெறி நோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. கண்ட இடத்தில் தீனி போடாமல் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரெயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற நவம்பர் 7-ந் தேதி உத்தரவிட்டது. இந்த உத்தரவுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இவற்றில் எதுவும் தனி மனிதன் கையில் விஷத்தைக் கொடுக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, விஷம் கைக்கு வரும் வழியை அடைக்க வேண்டும். போரேட் என்ற குருணை மருந்து 2020 டிசம்பர் 31-ந் தேதியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டது. கார்போபியூரானின் பெரும்பாலான வகைகள் 2023-இல் நிறுத்தப்பட்டன. தடை தாளில் இருந்தால் போதாது. பூச்சி மருந்துக் கடைகளின் இருப்பை வேளாண் துறை சோதிக்க வேண்டும். வாங்குகிறவரின் பெயரும் தேவையும் பதிவாக வேண்டும்.

இரண்டாவதாக, நாய்களோ குரங்குகளோ கும்பலாகச் செத்தால் பிரேதப் பரிசோதனை கட்டாயம் நடக்க வேண்டும். உடலைப் புதைத்த பிறகு புகார் வந்தால் வழக்கு நிற்பதில்லை. எந்த விஷம் என்று தெரிந்தால்தான் அது எங்கே வாங்கப்பட்டது என்று தெரியும்.

மூன்றாவதாக, இறைச்சிக் கடைக் கழிவையும் ஓட்டல் கழிவையும் இரவு கடை மூடும் நேரத்திலேயே அள்ள வேண்டும். காலை வண்டி வரும்வரை அது தெருவில் கிடந்தால், கருத்தடைக்குச் செலவழித்த பணமெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும்.

நான்காவதாக, நாய்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் கடமை உண்டு. போடுகிற நாயைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிடித்துக்கொடுக்க உதவ வேண்டும். குழந்தைகள் நடமாடும் வாசலிலும் பள்ளிக்கூட வழியிலும் சோறு போடக் கூடாது. இரக்கத்தின் செலவை எதிர்வீட்டுக்காரன் தலையில் ஏற்றினால், அவன் ஒருநாள் விஷத்தைத் தேடிப் போவான்.

கடைசியாக, கடித்த நாயைப் பற்றிப் புகார் கொடுத்தால் அன்றே வண்டி வர வேண்டும். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், தாமதமின்றி ஊசி போட வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். புகாருக்குப் பதில் கிடைக்கிறது, உயிருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்தால், விஷம் வைக்கத் துணிகிறவனுக்கு அண்டை அயலார் துணை நிற்க மாட்டார்கள்.

விஷம் வைப்பது ஓர் இரவில் முடிந்துவிடும் வேலை. குப்பை அள்ளுவதும் ஊசி போடுவதும் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. நகர நிர்வாகம் என்பது இரண்டாவது வகை வேலைக்காகவே இருக்கிறது. மக்கள் வரி கொடுப்பதும் அதற்காகவே. அந்த வேலையை வார்டுதோறும் கேட்டு வாங்குவதே நாய்க்கடிக்கு அஞ்சும் பெற்றோர் செய்யத்தக்க காரியம். தெருவில் வைத்த விஷ உருண்டை நாளை யார் வீட்டுக் குழந்தையின் கைக்குப் போகும் என்பதை வைத்தவனாலும் சொல்ல முடியாது.